செருப்புக் கம்பெனியில் தொடங்கிய பாடம்

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1908-ல் வணிக நிர்வாகத்துக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. சட்டம் படிக்கிறவனுக்குப் பழைய தீர்ப்புகளை வைத்துப் பாடம் நடத்துகிற மாதிரி, வியாபாரம் படிக்கிறவனுக்கும் நிஜக் கம்பெனிகளில் நடந்ததை வைத்தே பாடம் நடத்துவது என்று முடிவு செய்தார்கள். இதற்குக் 'கேஸ்' முறை என்று பெயர். இன்றைக்கு உலகம் பூராவும் எம்.பி.ஏ. வகுப்புகளில் நடப்பது இதுதான். அப்படி எழுதப்பட்ட முதல் கேஸ் 1921-ல் வந்தது. ஒரே ஒரு பக்கம். 'ஜெனரல் ஷூ கம்பெனி' என்று தலைப்பு. தொழிற்சாலையில் தொழிலாளிகள் மணி அடிப்பதற்கு முன்னாடியே வேலையை நிறுத்திவிடுகிறார்கள். இதை நிர்வாகம் எப்படி விசாரிப்பது, என்ன செய்வது என்பது கேள்வி.

வணிகப் பள்ளிகளின் முதல் பாடமே செருப்பு தைக்கிறவனைப் பற்றியது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்க நைனா பேர்ணாம்பட்டுப் பக்கம் தோல் ஷாப்பில் இருபத்தாறு வருசம் வேலை செய்தவர். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை எடுத்துப்போடுவதும், அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற சதையைக் கத்தியால் சீவுவதும் அவர் வேலை. சாயங்காலம் கிணற்றடியில் செங்கல் பொடி போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்ப்பார். வாடை போகாது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டு காலியாகவே ஊர் வந்து சேரும். "கை கழுவுற நேரம் யாரு கணக்குடா? ஷாப்பு கணக்கா, நம்ம கணக்கா?" என்று ஒருமுறை கேட்டார். அவர் மூணாவது வரை படித்தவர். ஹார்வர்டின் அந்த ஒரு பக்கத்துக்கு எழுதவேண்டிய பதில் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கேஸ் முறையில் மாணவன் எந்த நாற்காலியில் உட்கார வைக்கப்படுகிறான் என்று கவனிக்க வேண்டும். முடிவெடுக்கிறவரின் நாற்காலி. 'நீங்கள்தான் இந்தக் கம்பெனியின் மேலாளர், என்ன செய்வீர்கள்?' என்றுதான் வகுப்பு தொடங்கும். ஆக, உலகத்தில் உள்ள பிரச்சினை எல்லாம் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தால்தான் பிரச்சினை. வந்து சேராதது பாடத்தில் இல்லை. 'நாங்கள் நடைமுறை உலகத்தின் பிரச்சினைகளைத் தீர்க்கிறோம்' என்று இந்த நிறுவனங்கள் நூறு வருசமாகச் சொல்லிவருகின்றன. பொய் என்று நான் சொல்ல மாட்டேன். யாருடைய நடைமுறை என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். அமெரிக்காவின் முதல் வணிகப் பள்ளி 1881-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபரின் பணத்தில் வந்தது. இதே வார்ட்டன் பெத்லஹேம் எஃகு ஆலையில் பெரிய பங்குதாரர். அந்த ஆலைக்கு 1898-ல் பிரெடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் வந்து சேர்ந்தார். இரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் வண்டியில் போடுகிற கூலிகளை, கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு அளந்தார். ஆளுக்கு நாளைக்கு 12½ டன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 47½ டன் ஏற்ற முடியும் என்று கணக்குப் போட்டார். ஷ்மிட் என்று பெயர் மாற்றி டெய்லர் எழுதிய ஒரு தொழிலாளி அதைச் செய்துகாட்டினார். அவருடைய நிஜப் பெயர் ஹென்றி நோல். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலருக்கு உயர்ந்தது. சுமை ஏறத்தாழ நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே. இந்த வேலைக்கு ஏற்றவன் மாடு மாதிரி மந்தமானவனாக இருக்க வேண்டும் என்று 1911-ல் வந்த தன் புத்தகத்தில் டெய்லர் கூசாமல் எழுதினார். ஆனால் அதே புத்தகத்தில், அந்த ஆள் வேலைக்கு முன்னும் பின்னும் தனக்கென்று ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருந்தார் என்றும் எழுதியிருக்கிறார். நாள் பூராவும் இரும்பு தூக்கிவிட்டு ராத்திரியில் வீடு கட்டுகிறவன் மந்தமானவனா? ஹார்வர்டின் புதுப் பள்ளியில் இந்த டெய்லர் வந்து வகுப்பு எடுத்தார். 'அறிவியல் மேலாண்மை' என்ற பெயரில் இன்றைக்கும் முதல் செமஸ்டரில் நாங்கள் நடத்துவது இதைத்தான்.

டெய்லருக்கும் முன்னாடி ஒன்று உண்டு. அது பாடப் புத்தகங்களில் வெகுநாள் வரவில்லை. அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் பருத்தித் தோட்ட முதலாளிகளுக்காக 1840களின் கடைசியில் தாமஸ் அஃப்லெக் என்பவர் அச்சடித்த கணக்கேடுகளை விற்றார். ஒவ்வொரு அடிமையும் நாள்தோறும் எத்தனை பவுண்டு பருத்தி பறித்தார் என்று எழுத ஒரு பட்டியல். வருச ஆரம்பத்தில் இந்த அடிமையின் விலை என்ன, வருசக் கடைசியில் என்ன என்று எழுத இன்னொரு பட்டியல். இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுகிறோமே, அதை மனுசனுக்குப் போட்டிருக்கிறார்கள். பில் குக் என்ற ஆய்வாளர் 2003-ல் ஒரு மேலாண்மை ஆய்விதழில், இந்தத் துறை தன் வரலாற்றிலிருந்து அடிமை முறையை மறைத்துவிட்டது என்று எழுதினார். கெய்ட்லின் ரோசெந்தால் 2018-ல் அந்தக் கணக்கேடுகளையே ஆதாரமாக வைத்து ஒரு புத்தகம் போட்டார். நவீன நிர்வாகம் சுதந்திரத் தொழிலாளர்களின் தொழிற்சாலையில் பிறந்தது என்கிற கதை அதோடு ஆட்டம் கண்டது.

நம்ம ஊரில் வணிகக் கல்வியின் கதையைச் சொல்கிறவர்கள் 1961-லிருந்து தொடங்குவார்கள். நான் 1918-லிருந்து தொடங்குகிறேன்.

பம்பாயில் சிடன்ஹாம் வணிகவியல் பொருளியல் கல்லூரி 1913-ல் தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் வணிகக் கல்லூரி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கல்லூரி. அங்கே 1918 நவம்பரில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார் பாபாசாகேப் அம்பேத்கர். மாதச் சம்பளம் 450 ரூபாய். அதற்கு முந்தின வருசம்தான் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போய், பியூன்கள் கோப்பைத் தூக்கி மேசையில் எறிய, தங்கின விடுதியிலிருந்து விரட்டப்பட்டுத் திரும்பி வந்திருந்தார். பம்பாயில் பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு நிறுவனம் தொடங்கிப் பார்த்தார். நல்லா யோசித்துப் பாருங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர், இன்றைக்குக் 'கன்சல்டன்ஸி' என்று சொல்கிறார்களே, அதைத் தொடங்குகிறார். ஆலோசனை கேட்டு ஆட்கள் வரத்தான் செய்தார்கள். சொல்கிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வருவது நின்றது. கடை மூடப்பட்டது. சந்தைக்குச் சாதி தெரியாது, லாபம் மட்டும்தான் தெரியும் என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்தக் கம்பெனியை ஒரு கேஸாக எழுதியிருக்கலாம்.

சிடன்ஹாமில் மாணவர்கள் முதலில் அவரைப் பொருட்படுத்தவில்லை. போகப்போக, வேறு கல்லூரி மாணவர்களும் வந்து கேட்கிற வகுப்பாக அது ஆனது. ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்ததை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. வணிகக் கல்லூரிக்குள்ளேயே, ஒரு பானையின் மேல், நடைமுறை உலகத்தின் பிரச்சினை உட்கார்ந்திருந்தது.

அவர் 1918-ல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றி இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தியாவின் சிறு நில உடைமைகளையும் அவற்றுக்கான பரிகாரங்களையும் பற்றியது. இந்திய விவசாயம் ஏன் நொடிந்து கிடக்கிறது என்று அன்றைக்குக் கேட்டவர்கள், நிலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது, ஒன்று சேர்த்தால் சரியாகிவிடும் என்றார்கள். இவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஒரு பண்ணை பெரியதா சின்னதா என்பதை ஏக்கரை வைத்துச் சொல்ல முடியாது. அதில் இறங்குகிற மூலதனமும் உழைப்பும் என்ன அளவில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். நிலத்தில் வேலையில்லாமல் முடங்கிக் கிடக்கிற கைகள் ஏராளம். அந்தக் கைகளுக்குத் தொழில் வேண்டும். தொழில் பெருக வேண்டும் என்று முடித்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை ஆளைப் பார்க்கத் திருப்பினார். ஆராய்ச்சி என்றால் இதுதான் ஆராய்ச்சி. 1936-ல் இன்னொரு படி மேலே போய், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பது என்று எழுதினார். ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலையிலிருந்து டெய்லரின் கடிகாரம் வரை வேலைப் பிரிவினையைப் போற்றிப் பாடுகிற ஒரு துறைக்கு இதைவிடப் பெரிய கேள்வியை இந்தியாவிலிருந்து யாரும் கேட்டதில்லை. எந்த மேலாண்மைப் பாடத்திட்டத்தில் இது இருக்கிறது? நான் நடத்திய பாடத்திட்டங்களில் இருந்ததில்லை.

1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் வந்தன. கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி. துணை, அகமதாபாத்துக்கு ஹார்வர்டு துணை, ஃபோர்டு அறக்கட்டளையின் பணம். கேஸ் முறையும் கப்பலேறி வந்தது. பொதுத்துறை ஆலைகளை நடத்த ஆள் வேண்டும் என்று நேரு அரசு நினைத்தது. படித்து வந்தவர்களில் நிறையப் பேர் சோப்பும் பிஸ்கட்டும் விற்கிற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போனார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

அதிகம் பேருக்குத் தெரியாத கதை ஜவாஜா. அகமதாபாத் நிறுவனத்தின் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய். 1965-ல் பதவிக்கு வந்தவர், 1972-ல் தானாகவே விலகி வெறும் பேராசிரியரானார். நாற்காலியை விட்டு எழுந்த மனுசன் 1975-ல் ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டத்து ஜவாஜா வட்டாரத்துக்குப் போனார். வறட்சிப் பூமி. இருநூறு கிராமம், எண்பதாயிரம் சனங்கள். வளமே இல்லாத இடம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். சனங்கள் இருக்கிறார்களே, அவர்கள் வளமில்லையா என்று இவர் கேட்டார். அங்கே நெசவாளிகள் இருந்தார்கள், தோல் வேலை செய்கிற ரைகர்கள் இருந்தார்கள். ரைகர் என்றால் நம்ம சனங்கதான், வேற பாஷை பேசுகிற நம்ம சனங்க. அகமதாபாத்திலேயே இருக்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனமும் கூடச் சேர்ந்தது. தோல் பைகள், கம்பளங்கள் செய்தார்கள், நகரத்தில் விற்றார்கள். பொருள் செய்யக் கற்றுக்கொடுத்ததைவிட, அடக்க விலை போடுவது, வாங்குகிறவனோடு பேரம் பேசுவது, வங்கிக்குப் போவது, கூட்டாகக் கணக்குப் பார்ப்பது என்று நிர்வாகத்தைக் கைமாற்றித் தந்ததுதான் அங்கே நடந்த முக்கியமான காரியம். உதவிக்கு வந்தவர்கள் ஒருநாள் கிளம்பிவிட வேண்டும் என்பதும் திட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மத்தாய் 1984-ல் இறந்தார்; ஜவாஜா பற்றிய அவர் புத்தகம் அடுத்த வருசம் வெளிவந்தது. கைவினைஞர்களின் கூட்டணி அவருக்குப் பிறகும் நின்றது.

எனக்கு ஜவாஜா மேல் மரியாதை உண்டு. விமர்சனமும் உண்டு. ரைகர் தோல் பை செய்து விற்றால் தோலின் மேல் உள்ள தீட்டு போய்விடுமா? தோல் வேலை ஏன் அவர்கள் கையில் மட்டும் இருக்கிறது? சாதி கொடுத்த வேலையிலேயே நல்ல காசு பார்க்கச் சொல்லிக்கொடுப்பது ஒரு உதவி. அந்த வேலையை விட்டு வெளியே வரச் சொல்வது இன்னொன்று. பாபாசாகேப் 1918-லேயே இரண்டாவதைத்தான் சொன்னார். இருந்தாலும், மேலாளரின் நாற்காலியை விட்டு இறங்கி, தோல் சீவுகிறவனை மேலாளராகப் பார்த்த ஒரு முயற்சி இந்த நாட்டு மேலாண்மைக் கல்வியில் நடந்தது என்பதைப் பதிவு செய்யாமல் போகக்கூடாது. அது ஒரு ஓரத்துச் சோதனையாகவே நின்றுபோனதுதான் வருத்தம்.

அதற்குப் பிறகு ஏழைகள் வணிகப் பள்ளிகளின் கண்ணில் பட்டது வேறு விதமாக. கோயமுத்தூரில் பிறந்து, அகமதாபாத்தில் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்த சி.கே. பிரகலாத் 2004-ல் ஒரு புத்தகம் எழுதினார். பிரமிடின் அடித்தட்டில் இருக்கிறவர்களும் வாங்குகிறவர்கள்தான், அவர்களுக்கு ஏற்ற விலையில், ஏற்ற அளவில் விற்றால் கம்பெனிக்கும் லாபம், ஏழைக்கும் நன்மை என்றார். கடலூரில் பிறந்த ஷாம்பு பாக்கெட் நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்குவதை அவர் வருவதற்கு முன்னாலேயே பார்த்தவர்கள் நாம். அதே மிச்சிகன் பள்ளியில் வேலை பார்த்த அனீல் கர்னானி 2007-ல் இதை மறுத்து எழுதினார். ஏழையை வாங்குகிறவனாகப் பார்க்காதே, உற்பத்தி செய்கிறவனாகப் பார், அவன் வருமானத்தை உயர்த்து என்றார். கர்னானி சொன்னதுதான் சரி. ஒரு ரூபாய் ஷாம்புவால் எங்க நைனா கை வாடை போகவில்லை.

நான் எம்.பி.ஏ. படித்தது 1990களின் நடுவில், ஒரு நகரத்துக் கல்லூரியில். பெயர் வேண்டாம். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தோல் ஆலைகளின் கழிவால் பாலாற்றங்கரையில் நிலமும் குடிதண்ணீரும் கெட்டதற்கு, கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற தீர்ப்பு. வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று அன்றைக்கு எங்க மாவட்டத்துக்குப் பேர். எங்கள் வகுப்பிலும் இது வந்தது. ஒரு மணி நேரம் பேசினோம். சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் ஒரு சதுர அடித் தோலுக்கு அடக்கம் எவ்வளவு கூடும், இத்தாலிக்காரன் அந்த விலைக்கு வாங்குவானா, சீனாக்காரன் முந்திக்கொள்வானா. அப்புறம் தண்ணீர் கெட்ட விவசாயி பற்றி ஒருவன் பேசினான், நல்லாவே பேசினான். குழிக்குள் நிற்கிறவன் பேச்சு வரவே இல்லை. நான் கை தூக்கி, ஆலை மூடினால் கூலிக்கு என்ன வழி, மூடாவிட்டால் அவன் காலுக்கும் நெஞ்சுக்கும் என்ன வழி என்று கேட்டேன். பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "அது சோஷியல் வொர்க் டிபார்ட்மெண்ட் கேள்வி" என்றார். வகுப்பும் சிரித்தது. கெட்ட மனுசன் இல்லை அவர். அவருக்குத் தெரிந்த மேசைக்கு அந்தக் கேள்வி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பல இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடின. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படி ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். 9 பேர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஏன் அவர்கள் ஆலைக்குள்ளேயே படுத்திருந்தார்கள் என்பது ஒரு நிர்வாகக் கேள்வி இல்லையா?

ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. சிகாகோ பல்கலைக்கழக வணிகப் பள்ளியின் மரியான் பெர்ட்ரான்டும், செந்தில் முல்லைநாதனும் 2004-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்தவர். ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களை, சிலவற்றில் வெள்ளையர் பெயர், சிலவற்றில் கறுப்பர் பெயர் போட்டு, பாஸ்டன், சிகாகோ நாளிதழ் விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் விண்ணப்பம். வெள்ளைப் பெயருக்குப் 10 விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு வந்தது, கறுப்புப் பெயருக்கு 15 விண்ணப்பத்துக்கு ஒன்று. இதே முறையை இங்கே சுகதேவ் தோரட் செய்தார், பால் அட்வெல் என்பவரோடு சேர்ந்து, 2007-ல் வெளிவந்தது. 66 வாரம், 548 விளம்பரம், 4,808 விண்ணப்பம். மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2012-ல் இன்னொரு ஆய்வு, நாட்டின் பெரிய 1000 கம்பெனிகளின் இயக்குநர்களை எண்ணிப் பார்த்து, 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர் என்றது.

தோரட் மேலாண்மைப் பேராசிரியர் இல்லை. தலித் சமூகத்திலிருந்து வந்த பொருளாதார அறிஞர். ஆள் எடுப்பதைத் தனிப் பாடமாகவே நடத்துகிற நிறுவனங்கள் நாற்பத்தைந்து வருசமாக இந்தக் கேள்வியை இந்த அளவில் கேட்காமல் இருந்ததற்கும், அவற்றின் ஆசிரியர் அறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் நியமனத்துக்கு இடஒதுக்கீடு என்று 2019-ல் சட்டம் வந்தபோது, இந்திய மேலாண்மை நிறுவனங்கள் அதிலிருந்து விலக்குக் கேட்டன. தரம் என்றார்கள். சிடன்ஹாமின் தண்ணீர்ப் பானைக்கும் என்ன பேர் வைத்திருப்பார்கள் என்று தெரியாது.

நான் இப்போது எங்க பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். ஹார்வர்டு கேஸ்களை நடத்தத்தான் செய்கிறேன். நல்ல கேஸ்கள் இருக்கின்றன. ஆனால் வருசத்துக்கு ஒருமுறை, அவரவர் வீட்டிலிருந்து ஒரு பக்கம் கேஸ் எழுதிவரச் சொல்வேன். போன வருசம் ஒரு பெண் தன் அம்மாவைப் பற்றி எழுதி வந்தாள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ அப்பர் வீட்டுக்கு வாங்கிவந்து கையால் தைக்கிற வேலை. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தரகர் வாரம் ஒருமுறை வந்து கணக்கு முடிப்பார். ஊசி அம்மா காசு, விளக்குக்குக் கரண்ட் அம்மா காசு, பக்கத்தில் உட்கார்ந்து மெழுகு போட்டுக்கொடுக்கிற தங்கச்சியின் நேரம் யார் கணக்கிலும் இல்லை. கெட்டுப்போனால் திருப்பி அனுப்புவார்கள், அதற்குப் பிடித்தம். இத்தனையையும் கட்டம் போட்டு அடக்க விலைக் கணக்காக எழுதியிருந்தாள். கம்பெனியின் பேரே அம்மாவுக்குத் தெரியாது என்றும் கடைசியில் ஒரு வரி.

வகுப்பில் எல்லாருக்கும் நகல் கொடுத்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், இதுல மேனேஜர் யாரு சார்?" என்று கேட்டான். தரகர் என்றான் ஒருத்தன், கம்பெனிக்காரன் என்றான் இன்னொருத்தன். "எங்கம்மாதான்" என்றாள் அந்தப் பெண். அப்படியானால் அம்மா ஜோடிக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்று ஆரம்பித்து, தெருவில் இதே வேலை செய்கிற பதினெட்டு வீடும் சேர்ந்து கேட்டால் தரகர் அடுத்த ஊருக்குப் போய்விடுவாரா என்பது வரை வந்தார்கள். அடுத்த ஊரிலிருந்து வருகிற மாணவர்கள் நாலு பேர் அந்த வகுப்பிலேயே இருந்தார்கள். மணி அடித்தும் எழுந்துபோகாமல், அந்த ஊரில் என்ன கூலி என்று அவர்களைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.